கார்மேக நிறத்தில் ஒரு சுவர்

பெயிண்ட் ஷேட் கார்டில் இருக்கும் ஒரு அங்குலச் சதுரத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அடர் நீலச்சாம்பல்தான் வேண்டும்" என்று முடிவெடுப்பவர்கள் நிறைய பேர். அடித்து முடித்ததும் "நீலமே தெரியவில்லை, கறுப்பாகத்தான் இருக்கிறது" என்றோ, "சாம்பல் என்று நினைத்தேன், ஊதா அடிக்கிறது" என்றோ சொல்பவர்களும் ஏறக்குறைய அதே அளவு. பெரும்பாலும் ஷேடில் கோளாறு இருக்காது. வெள்ளைக்கும் ஐவரிக்கும் செய்கிற அதே வேலையை இதற்கும் செய்திருப்பார்கள். வெளிர் நிறம் சுவரின் குறைகளை மூடிவிடும். இந்த நிறம் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுக்கும். போதாததற்கு, டின்னுக்குள் இருக்கும் சரக்கே வேறு.

டின்னுக்குள் என்ன இருக்கிறது

சுவர் பெயிண்டுக்கு மறைக்கும் சக்தியைத் தருவது முக்கியமாக டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. வெளிர் ஷேடுகளுக்கான பேஸில், அதாவது நிறம் விடுவதற்கு முந்தைய மூலப் பெயிண்டில், அது தாராளமாக இருக்கும். அடர் ஷேடுகளுக்கான பேஸில் அது மிகக் குறைவு, சில பேஸ்களில் அறவே கிடையாது. இருந்தால் எவ்வளவு நீலம் விட்டாலும் வெளிறித்தான் போகும். அதனால்தான் கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷினில் ஏற்றுவதற்கு முன் டீப் பேஸ் டின்னைத் திறந்து பார்த்தால் பசை மாதிரி அரைகுறையாகத் தெரியும் ஒரு குழம்பு இருக்கிறது. அதில் கறுப்பு, நீலம், கொஞ்சம் சிவப்போ காவியோ ஊதாவோ என்று டின்டர் எனப்படும் நிறச் சாந்துகளை மெஷின் நிறையவே விடும்.

இதிலிருந்து மூன்று தொல்லைகள் வரும். முதலாவது, மறைப்பு. கறுப்பு அதிகம் கலந்த, மங்கலான நீலச்சாம்பல் இரண்டு கோட்டில் மூடிவிடும். தெளிவான நீலம் தூக்கலாக இருக்கிற ஷேட் மூன்று கோட் கேட்கும், சில சமயம் நான்கு. இரண்டாவது, காய்கிற வேகம். டின்டரில் நிறமித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கச் சோப்பு போன்ற சேர்மானங்கள் உண்டு, பல வகைகளில் சீக்கிரம் ஆவியாகாத கிளைகால் என்ற திரவமும் உண்டு. டின்டர் கூடக்கூட பெயிண்ட் மெதுவாகத்தான் இறுகும். மூன்றாவது, ஈரக்காற்றில் அடித்தால் அந்தச் சேர்மானங்கள் மேலே கசிந்து, நத்தை ஊர்ந்த தடம் போலப் பளபளக்கும் கோடுகளாக இறங்கும். இதைப் பார்த்துப் பயந்து திரும்ப அடிக்க வேண்டியதில்லை. பெயிண்ட் நன்றாக இறுகிய பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும். சில சமயம் இரண்டாம் தடவையும் வரும், அதையும் அப்படியே எடுக்கலாம்.

ஷேடைப் பிடிப்பது

கார்டின் பின்புறமோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ எல்ஆர்வி என்று ஒரு எண் போட்டிருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்பதற்கான அளவு அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. நாம் பேசுகிற நிறங்கள் பொதுவாக 5-க்கும் 15-க்கும் இடையில் இருக்கும். 5, 6 என்றால் ராத்திரி அது கறுப்புதான், வாதமே வேண்டாம். நீலம் கண்ணில் பட வேண்டும் என்று நினைப்பவர்கள் 10-க்கு மேல் பார்ப்பது நல்லது.

அடுத்தது, அடியில் ஓடும் சாயை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு நீலச்சாம்பல்களில் ஒன்று பச்சைப் பக்கம் சாயும், இன்னொன்று ஊதாப் பக்கம் சாயும். அடர் நிறத்தில் இதைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். சுலபமான வழி ஒன்று உண்டு: சாம்பிள் பெயிண்டில் ஒரு ஸ்பூன் எடுத்து, பத்து ஸ்பூன் வெள்ளை எமல்ஷனில் கலந்து ஒரு அட்டையில் தேய்த்துப் பாருங்கள். ஒளிந்திருந்த ஊதாவோ பச்சையோ உடனே வெளியே வந்துவிடும். அறையில் சிவப்புக் கலந்த மரச்சாமான்கள் அதிகம் இருந்தால் ஊதாச் சாயை எடுபடாது, பச்சைச் சாயை உள்ளதே அமைதியாக நிற்கும். சாம்பல் நிறத் தரையோ வெண்பளிங்கோ இருந்தால் லேசான ஊதா தவறில்லை.

சாம்பிளை நேரடியாகச் சுவரில் தடவிப் பார்க்காதீர்கள். சுற்றிலும் இருக்கிற பழைய வெளிர் நிறம் அதை இன்னும் கறுப்பாகக் காட்டும். குறைந்தது இரண்டடிக்கு இரண்டடி அட்டையில், விளிம்புவரை, இரண்டு கோட் முழுசாக அடித்துக் காய வையுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பவே கூடாது, காய்ந்ததும் மாறும். அட்டையைச் சோபாவுக்குப் பின்னால், மூலையில், ஜன்னலுக்கு எதிரில் என்று இடம் மாற்றி வைத்துக் காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் பாருங்கள். தட்டையாகப் படுக்க வைத்துப் பார்ப்பது வீண். சுவர் நிற்கிறது, அட்டையும் நிற்க வேண்டும்.

வெளிச்சக் கணக்கு

இதைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலில் யோசிக்க வேண்டியது இது.

ஒரு அறையில் நாம் பார்க்கிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் விளக்கிலிருந்து நேராக வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுப் பட்டுத் திரும்பி வருவது. 12-க்கு 12 அடி அறை, 9 அடி உயரம், வெள்ளைக் கூரை, நடுத்தர நிறத் தரை என்று வைத்துக் கணக்குப் போட்டால், நான்கு சுவரையும் வெளிர் நிறத்திலிருந்து அடர் நீலச்சாம்பலுக்கு மாற்றும்போது அதே விளக்கில் அறையின் மொத்த வெளிச்சம் தோராயமாகப் பாதியாகிவிடும். ஒரே ஒரு சுவரை மட்டும் மாற்றினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆகவே ஒரு சுவர் மட்டும் என்றால் விளக்கைத் தொட வேண்டியதில்லை. நான்கு சுவரும் என்றால் லூமென் கணக்கை (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவை) ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஏற்றுவது என்றால் நடுக்கூரையில் ஒரு பெரிய எல்இடி பேனலை மாட்டுவது இல்லை. மேலிருந்து ஒரே விளக்கு அடித்தால் அடர் சுவர் அதைக் குடித்துவிட்டு, தரை மட்டும் வெளுத்துத் தெரியும். வெளிச்சத்தைப் பிரித்து வையுங்கள்: சுவரை ஒட்டி மேலிருந்து கீழே வழியும் ஒன்று, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும் மேஜை விளக்கு ஒன்று, மூலையில் நிற்கும் விளக்கு ஒன்று. சுவரை ஒட்டி விழும் விளக்கைச் சுவரிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி, முடிந்தால் இரண்டடி தள்ளி வையுங்கள். அதைவிட நெருங்கினால் பட்டியில் (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமன்படுத்தப் பூசும் மாவில்) இருக்கும் மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழும்பிவிடும்.

பல்பின் நிறம் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் வெளிச்சம், என்றால் நீலம் அடங்கிச் சாம்பலும் கொஞ்சம் பச்சையும் மேலே வரும். அதைவிட வெள்ளையான 4000 கெல்வினில் நீலம் தூக்கும், ஆனால் மரமும் துணியும் களையிழக்கும். 3000 இரண்டுக்கும் பொதுவாகச் சரிப்படும். சிஆர்ஐ (பொருட்களின் நிறத்தைப் பல்பு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90-க்குக் குறைந்த பல்பு இந்த நிறத்துக்கு ஆகாது. சுவர் சேறு பூசியது போல ஆகிவிடும். இன்னொரு விஷயம்: வெளிச்சம் மிகவும் குறையும்போது நம் கண் சிவப்பை முதலில் கைவிட்டு நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். செக் நாட்டு உடலியங்கியலாளர் பர்கின்யே 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்தது இது. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரே ஒரு மங்கல் விளக்கில் உட்கார்ந்தால், செங்கல் நிறக் குஷன் கறுத்துப்போன பிறகும் சுவரில் நீலம் லேசாக நிற்பது இதனால்தான்.

எந்தச் சுவர் என்பதும் வெளிச்சக் கணக்குதான். ஜன்னல் இருக்கிற சுவரை அடர்த்தியாக அடித்தால் பகலில் ஜன்னல் கண்ணைக் கூசும், சுற்றியுள்ள சுவர் குகை போல இருக்கும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் வெளிச்சம் சாய்வாக விழும், பட்டி எவ்வளவு நன்றாகப் பார்த்திருந்தாலும் சின்ன அலை தெரியும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர்தான் பாதுகாப்பான தேர்வு. வெளிச்சம் முகத்துக்கு நேராக விழுவதால் குறைகள் அமுங்கி, நிறமும் நிறமாகவே தெரியும்.

பட்டியும் பிரைமரும்

புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் காய வேண்டும். ஓதம் இருக்கிற சுவரில் இந்த நிறத்தைத் தொடவே வேண்டாம். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இதில் அறைக்கு வெளியே நின்றாலே தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டுக்கு உள்பக்கம் நீர் கோத்திருந்தால் ஓதத்தைச் சரிசெய்த பிறகுதான் பெயிண்ட் பேச்சு.

பட்டி இரண்டு கை பார்த்து, 180 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 என்று தேய்த்துவிட்டு, அறையை இருட்டாக்கி ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி இருந்த சுவரில் கரண்டித் தடம், உப்புத்தாள் சுழி, ஊசிமுனை ஓட்டை எல்லாம் வரிசையாக நிற்கும். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போய், அந்த இடங்களை மட்டும் மறுபடி நிரப்பித் தேயுங்கள். பென்சில் என்றால் பென்சில்தான். பால்பாயின்ட் பேனா மை பெயிண்டைத் தாண்டி மேலே ஊறி வரும். முடிந்ததும் தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். தூசியின் மேல் அடித்த பெயிண்ட், மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது அதோடு சேர்ந்து வரும்.

பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் வெள்ளையாக இருக்கக் கூடாது. டின்டிங் மெஷினிலேயே பிரைமரையும் நடுத்தரச் சாம்பலாக்கித் தரச் சொல்லுங்கள். ரோலர் எங்காவது மெலிதாக ஓடியிருந்தால் அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்காது, பெரும்பாலும் ஒரு கோட் மிச்சமாகும். பட்டி ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் தடவுவது போதாது, சுவர் முழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டி உறிஞ்சிய இடம் மங்கலாகவும் மற்ற இடம் லேசாகப் பளபளத்தும், சாய்ந்து பார்த்தால் தேசப்படம் மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும்.

அளவு, அடிக்கும் முறை

வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 120 சதுர அடி வரும். 12 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஒரு சுவர் 108 சதுர அடி. கோட்டுக்கு ஒரு லிட்டர் என்று வைத்து, மூன்று கோட்டுக்கு மூன்று லிட்டர், பின்னால் டச்அப் செய்யக் கொஞ்சம் என்று நான்கு லிட்டராக வாங்கிவிடலாம். அதே அளவில் நான்கு சுவரும் என்றால், கதவு ஜன்னல் கழித்து ஏறத்தாழ 390 சதுர அடி. மூன்று கோட்டுக்குப் பத்தரை முதல் பதினொன்றரை லிட்டர். எல்லா டின்னையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கலக்கச் சொல்லி, வீட்டுக்கு வந்ததும் பெரிய பக்கெட்டில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிடுங்கள். ஒரே ஃபார்முலா என்றாலும் டின்னுக்கு டின் மயிரிழை வித்தியாசம் இருக்கும். சுவரின் நடுவில் டின் மாறினால் அந்த மயிரிழை கோடாக நிற்கும்.

ஷீன், அதாவது பளபளப்பு, விஷயத்தில் என் கருத்து: கை படாத சுவருக்குப் பளபளப்பே இல்லாத மேட், ஆள் நடமாட்டம் உள்ள நடைபாதைக்கும் குழந்தைகள் அறைக்கும் லேசாக மின்னும் எக்‌ஷெல் அல்லது மெல்லிய சாட்டின். முழுப் பளபளப்பான கிளாஸ் வேண்டவே வேண்டாம். அடர் நிறமும் பளபளப்பும் சேர்ந்தால் சுவர் மங்கிய கண்ணாடியாகி, எதிரில் இருக்கிற ஜன்னலை அலையலையாகக் காட்டும்.

மைக்ரோஃபைபர் ரோலர், 10 முதல் 12 மில்லிமீட்டர் ரோமம், 9 அங்குல அகலம். விளிம்புகளுக்கு இரண்டு அங்குல பிரஷ், கூடவே நான்கு அங்குலச் சின்ன ரோலர் ஒன்று. தண்ணீர் கலப்பதை டின்னில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவோடு நிறுத்துங்கள். வெள்ளைக்குக் கலப்பது போலக் கலந்தால் இன்னொரு கோட் தண்டம்.

ஒருவர் பிரஷ்ஷோடு விளிம்பு பிடித்துக்கொண்டே முன்னால் போக, இன்னொருவர் ரோலரோடு பின்னால் வர வேண்டும். விளிம்பு முழுவதையும் முதலில் பிரஷ்ஷால் முடித்துக் காயவிட்டு, பிறகு நடுவில் ரோலர் ஓட்டினால் சுவரைச் சுற்றி ஃப்ரேம் போட்டது மாதிரி வேறு ஷேடில் ஒரு பட்டை நிற்கும். பிரஷ் விடும் படலத்தின் தடிமனும் சொரசொரப்பும் வேறு, ரோலருடையது வேறு, அதுதான் காரணம். பிரஷ் ஈரமாக இருக்கும்போதே சின்ன ரோலரை விளிம்பிலிருந்து ஒரு அங்குலம்வரை கொண்டுபோய் அந்தப் பட்டையைத் தின்றுவிடுங்கள்.

ரோலரை நன்றாக முக்கி, மேலிருந்து கீழ்வரை இரண்டரை மூன்று அடி அகலத்துக்கு ஒரு பத்தி நிரப்புங்கள். நிரப்பியதும் அழுத்தாமல், மறுபடி பெயிண்ட் தொடாமல், கூரையிலிருந்து தரைவரை ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். அடுத்த பத்தியை முந்தையதன் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் சில அங்குலம் ஏற்றி ஆரம்பியுங்கள். ஓரம் காய்ந்துவிட்டால் அந்த இணைப்பு இரட்டைத் தடிமனில் கோடாக நிற்கும், அடர் நிறத்தில் அதை எந்த வெளிச்சத்திலும் மறைக்க முடியாது. ஆகவே அடிக்கும்போது ஃபேன் கூடாது, நேர் வெயில் கூடாது. சுவர் முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவிடலாம். சாப்பாடோ போனோ, எதுவானாலும் மூலைக்கு மூலை ஒரு சுவரை முடித்துவிட்டுத்தான். காய ஆரம்பித்த இடத்தில் ஒரு குறையைப் பார்த்து ரோலரை மறுபடி வைத்தீர்களென்றால் படலம் பிய்ந்து இன்னும் மோசமாகும். விட்டுவிடுங்கள், அடுத்த கோட்டில் சரியாகிவிடும்.

முதல் கோட் கண்றாவியாகத்தான் இருக்கும். நீலத்தில் சாம்பல் திட்டுகள், ரோலர் தடம், எல்லாம். ஷேட் தப்பு என்று முடிவுகட்ட அது நேரம் இல்லை. டின்னில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தாலும் இந்த நிறத்துக்கு ஒரு ராத்திரி முழுக்க விட்டுத்தான் அடுத்த கோட். முதல் கோட் உள்ளே இறுகாமல் இருந்தால் இரண்டாவது கோட்டின் ரோலர் அதை இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

கூரையோடு சேரும் கோடு நேராக இருந்தால்தான் இந்தச் சுவருக்கு அழகு. டேப் ஒட்டி, விளிம்பை விரலால் அழுத்தித் தேய்த்த பிறகு, முதலில் டேப்பின் ஓரத்தில் கூரையின் வெள்ளையையே மெல்லிசாகத் தடவுங்கள். டேப்புக்கு அடியில் கசிய வேண்டியது வெள்ளையாகவே கசிந்து ஓட்டையை அடைத்துவிடும். அது காய்ந்ததும் நீலத்தை அடித்து, கடைசிக் கோட் லேசான ஈரத்தில் இருக்கும்போது டேப்பை 45 டிகிரியில் மெதுவாக உரியுங்கள். முழுக்கக் காய்ந்துவிட்டதென்றால் பிளேடால் ஓரம் கீறிவிட்டு உரிக்க வேண்டும்.

சுற்றி இருப்பவை

கூரைக்கு நீலம் கலந்த பளீர் வெள்ளை வேண்டாம். கொஞ்சம் மஞ்சள் கலந்த வெண்மை போதும், கோடு வெட்டாது. உயரம் குறைந்த சின்ன அறையில் கூரைக்கும் அதே நீலச்சாம்பலை அடித்தால் சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது, அறை பெரிதாகக்கூடத் தோன்றும். வெளிச்சக் கணக்கு அப்போது இன்னும் இறங்கும் என்பது நினைவிருக்கட்டும்.

தேக்கும் பித்தளையும் இந்த நிறத்துக்கு முன்னால் வைத்தால் தானாக எழும்பும். குரோமும் கண்ணாடியும் சில்லென்று நிற்கும், அது பிடித்தவர்களுக்குச் சரி. துணிகளில் வெளுக்காத பருத்தியின் நிறம், கடுகு மஞ்சள், செங்கல் ஆகியவற்றில் ஒன்றைப் பிரதானமாக எடுத்துக்கொண்டு மற்றதைக் கொஞ்சமாகத் தொட்டால் போதும். டிவி மாட்டும் சுவருக்கு இதைவிட நல்ல நிறம் கிடையாது. அணைந்த கறுப்புத் திரை சுவரோடு கலந்துவிடும். படங்கள் மாட்டுவதென்றால் படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை மவுண்ட் (அட்டை ஓரம்) உள்ள ஃப்ரேம் வேண்டும், இல்லாவிட்டால் படம் சுவருக்குள் மூழ்கிவிடும்.

யாரும் யோசிக்காத ஒன்று சுவிட்ச்போர்டு. இந்தச் சுவரில் வெள்ளைப் பிளேட்தான் அறையில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படும் பொருள். சாம்பலோ கறுப்போ உள்ள பிளேட்டாக மாற்றிவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும்போது மெயினை அணைத்துப் பிளேட்டைக் கழற்றிவிட்டு அடித்தால் ஓரமும் சுத்தமாக வரும்.

அடித்த பிறகு

தொட்டால் காய்ந்திருப்பது வேறு, முழுசாக இறுகுவது வேறு. அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். அதன் பிறகும் மேட் சுவரை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மெருகேறிப் பளபளக்கும், அதைத் திரும்ப மங்கலாக்க வழியில்லை. நகமோ நாற்காலி முதுகோ உரசினால் வெள்ளைக் கீறல் விழும். நிறம் போய்விடவில்லை, பெயிண்டில் நிரப்பியாகச் சேர்த்த சுண்ணாம்புத்தூள் போன்றவை நசுங்கி வெளியே தெரிகின்றன. லேசான கீறல் என்றால் ஈரத்துணியால் ஒற்றினால் பெரும்பாலும் மறையும். ஒட்டடையும் தூசியும் வெளிர் நிறமாகத்தான் இருக்கும் என்பதால் இதில் பளிச்சென்று தெரியும். அதனால் இந்த நிறத்தில் டெக்ஸ்ச்சர் சுவர் போடாதீர்கள், ஒவ்வொரு மேட்டிலும் தூசி உட்காரும்.

டச்அப் செய்யும்போது பிரஷ்ஷை எடுக்காமல், அடித்த அதே வகை ரோலரின் சின்ன அளவை எடுத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் தொட்டுத் தொட்டு ஒற்றுங்கள். உள்ளங்கை அளவுக்கு மேல் போனால் ஒட்டுப்போட்டது தெரியும். அப்போது மூலைக்கு மூலை சுவர் முழுக்க ஒரு கோட் ஓட்டுவதுதான் வேலை. மிஞ்சிய பெயிண்டைப் பாதி காலியான டின்னிலேயே விட்டால் உள்ளே இருக்கும் காற்றில் ஆடை கட்டும். விளிம்புவரை நிரம்புகிற அளவில் ஒரு கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, டின்டிங் மெஷின் அச்சடித்துத் தந்த ஃபார்முலா ஸ்டிக்கரையும் அடித்த தேதியையும் ஜாடியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.